ஐந்து கிராம்

இரவு ஒன்றே முக்காலுக்கு ஓத்தியா அழைத்தார்.
"தியோனா, பக்கம் வெள்ளையாக நிற்கிறது.
வார்சாவில் ஆள் காத்திருக்கிறான்,
முந்நூறு பெட்டி மாண்டரின்."
ரெஃப்ரெஷ் செய்தீர்களா என்று கேட்டேன்.
செய்திருப்பார், தெரியும்.
எழுந்து உட்கார எனக்கு அந்த அரை நிமிடம் வேண்டியிருந்தது.

பத்துமியில் பன்னிரண்டு நாளாக மழை.
ஜன்னலுக்கு வெளியே கருங்கடல் இருக்கிறது என்பது
இப்போதைக்கு ஒரு நம்பிக்கைதான்.

முதல் சந்தேகம் என் மேல்:
நேற்று மாற்றிய இரண்டு வரி.
பழையபடி வைத்தேன். வெள்ளை.
சான்றிதழுக்கு மார்ச் வரை ஆயுள் இருந்தது.
டேட்டாபேஸ் உயிரோடிருந்தது,
கேட்டதையெல்லாம் ஒப்பித்தது,
எழுது என்றால் மட்டும் வாயை மூடிக்கொண்டது.
படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை.
இந்த நோய் எனக்குப் பழக்கம்.
வட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டேன்.
நூற்றுக்கு நூறு,
பள்ளிக்கூடத்தில் நான் ஒருமுறையும் வாங்காத மதிப்பெண்.

பதினொரு கிகாபைட், ஒரே ஒரு லாக்.
அழித்தேன்.
இடம் திரும்பவில்லை.

பெயரை எடுத்துவிட்டால் கோப்பு போய்விடாது.
ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் கையில் பிடித்திருந்தால்
எந்தப் பட்டியலிலும் இல்லாமல்
இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.
லஷா தன் சாமான்களோடு போன வருஷம்
இதை நான் யோசித்திருக்கலாம்.
அப்போது ஒரு மருந்துக்கடையின் பில் பக்கத்தைப்
பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடியை விடுவிக்கும் முன் உள்ளே எட்டிப் பார்த்தேன்.
கொபுலேத்தி கிடங்கு, மூன்றாம் எண் தராசு.
02:11:07 ஐந்து கிராம்
02:11:07 சுழி
02:11:08 ஐந்து கிராம்
02:11:08 சுழி
பூட்டிய கிடங்கில் யாரோ
ஒற்றைத் திராட்சையைத் தட்டில் வைத்து,
எடுத்து, வைத்து, எடுத்து.
பத்து நாளாக. தூங்காமல்.

காவலுக்கு இருக்கும் ஸவுரியை எழுப்பினேன்.
செருப்புச் சத்தம். இருமல்.
பெட்டியில் கால் இடித்த வசவு.
பிறகு சொன்னான்:
"யாரும் இல்லை. கூரை ஒழுகுகிறது,
குறி பார்த்த மாதிரி தட்டின் நடுவில்."

கூரையில் ஓர் ஓட்டை.
இன்னொன்று என்னுடையது:
அக்டோபரில் எதையோ தேடும்போது
அசைவதையெல்லாம் எழுதி வை என்று சொன்னேன்,
போதும் என்று சொல்ல மறந்தேன்.
சிறுதுளி பெருவெள்ளம், சரி,
வெள்ளம் வந்த இடத்தைப் பாருங்கள்:
பிராங்க்ஃபர்ட்டில், ஈரக்காற்றே நுழையக் கூடாத அறையில்
ஓர் உலர்ந்த இரும்பு அலமாரிக்குள்
கொபுலேத்தி மழை
கழுத்துவரை நின்றிருக்கிறது.

"வாளி வைத்துவிட்டேன்" என்றான் ஸவுரி, பெருமையாக.
திரையில் வந்துகொண்டிருந்தது:
எண்ணூற்றுப் பத்து.
எண்ணூற்றுப் பதினைந்து.
எண்ணூற்று இருபது.
"ஸவுரி, வாளி இருக்கட்டும்,
தராசை நகர்த்து."

இழுபடும் சத்தம் போனில் கேட்டது.
எண்கள் தாறுமாறாக ஓடி,
ஒரு சுழி,
அப்புறம் ஒன்றுமில்லை.
மாற்றமில்லாதபோது அது எதையும் எழுதாது.
இவ்வளவு நேரம் நான் தேடியது
அந்த ஒன்றுமில்லைதான்.

நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினேன்.
கை திறந்தது. நாற்பத்தொரு சதவீதம்.

ஓத்தியாவுக்கு அனுப்பும் தாளில்
காரணம் என்ற கட்டத்தில் மழை என்று போட்டேன்.
அழித்தேன், இந்த முறை உடனே அழிந்தது.
மழையும் நானும் என்று போட்டேன்.
இரண்டு மணி நேரம், பாதிக் கட்டணம்.
கூரைக்கு ஆள் சொல்லவும்.

மூன்று நாற்பதுக்கு வார்சா உள்ளே வந்தது,
முந்நூறு பெட்டி.
மறுபடியும் முந்நூறு பெட்டி.
பொறுமையில்லாமல் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறான்.
அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.